இறுகிப்போன திருகாணி

அன்புள்ள அப்பாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள், அம்மாவுக்குக்கூட. நாளை நீங்கள் பஸ்சை விட்டு இறங்கியதும் கையில் தருவேன். மாமா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

தம்பி நன்றாக இருக்கிறான். முதலில் அதை நம்புங்கள்.

காதுகுத்து முடிந்து நீங்கள் திருப்பூர் கிளம்பிய பிறகு, மாமா அவன் கம்மலின் திருகாணியை நன்றாக இறுக்கிவிட்டார். "ஏலக்காட்டுல விழுந்தா எங்கிட்டுப் போய்த் தேட?" என்றார். காது வீங்கி, திருகாணி சதைக்குள் புதைந்துவிட்டது. நேற்று குரங்கணியிலிருந்து ஜீப்பில் போடிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் மரத்துப்போக ஊசி போட்டு, காதைச் சின்னதாகக் கீறி எடுத்தார். தம்பியைவிட மாமாதான் அதிகம் அழுதார். "அண்ணே, வெளிய போய் அழுங்க, பிள்ள பயப்படுது" என்று நர்சம்மா விரட்டிவிட்டார்.

இன்று சாயந்திரம் முழுக்க, தம்பி காதில் கட்டோடு மாமா தோளில் ஏறி, அவர் முடியைப் பிடித்து ஜீப்பு ஓட்டினான். பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அம்மாதான், "உங்கப்பாகிட்ட வாயத் தொறந்துறாத" என்கிறார்.

இரண்டு வருடம் பேசாமல் இருந்த நீங்களும் மாமாவும் இந்தக் காதுகுத்தில்தான் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டீர்கள். எனக்கு அதை நினைத்துத்தான் பயம். மாமாவைத் திட்டாதீர்கள் அப்பா. வேண்டுமானால் என்னை...

கதவு தட்டுகிற சத்தம். மாமாதான். "ஆத்தா, முழிச்சிருக்கியா? மனசு கேக்கல, உங்கப்பாவுக்கு நானே போனைப் போட்டுச் சொல்லிட்டேன். திட்டலத்தா. வெரசா வா, லைன்ல இருக்காரு, உன்கிட்டப் பேசணுமாம்."