இரண்டு இழுப்பு

என் நுரைக்காரருக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலம் கேட்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள், அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். முழங்கை வரை சோப்பு நுரையோடு வந்து என் மூக்கில் தடவிவிட்டுப் போகிற ஆளை வேறு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

சின்னவள் என்னை ஒரு தியான நிலையத்துக்கு அனுப்பிவைத்தாள். உங்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து நான் சுவரையே பார்த்துக்கொண்டு இருக்கிறேனாம். "அங்க போயாவது கொஞ்சம் உக்காந்துட்டு வாம்மா" என்றாள். சுவரைப் பார்க்க ஊர்விட்டு ஊர் போகணுமா என்று கேட்டேன். முறைத்தாள். அந்த முறைப்பு மட்டும் அப்படியே உங்களுடையது. நம் சலவைக் கடையை எடுத்து நடத்த மாப்பிள்ளை ஒரு ஆளைப் பார்த்து வைத்திருக்கிறார். நான் திரும்பி வந்ததும் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைச் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

கடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனபின் ஒருநாள் திறந்தேன். லாட்ஜ் பெட்ஷீட்டெல்லாம் காய்ந்து குவிந்து கிடந்தது. இஸ்திரி அக்கா வந்து, "நான் பிடிக்கிறேன், நீ மடி" என்று நீங்கள் பிடிக்கிற முனையை எடுத்தாள். எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, என் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன். அன்றைக்கு இழுத்த ஷட்டர்தான்.

அந்த நிலையம் எங்கே இருக்கிறது தெரியுமா? நமக்குக் கல்யாணம் ஆன புதிதில் போனோமே, அந்தக் கோயில் ஊருக்குப் பக்கத்தில். பஸ் முழுக்கச் சாமி பார்க்கப் போகிற கூட்டம். நான் முன்னாலேயே இறங்கினேன். கண்டக்டர், "கோயில் இன்னும் வரலம்மா, ஏறுங்க, ஏறுங்க" என்று கத்துகிறார். சாமியைப் பாதி வழியில் விட்டுவிட்டு இறங்கியவள் நான் ஒருத்திதான்.

அந்தக் கோயில் வரிசை ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நீங்கள் மட்டும் எதிர் லாட்ஜின் மொட்டைமாடியில் காய்ந்த பெட்ஷீட்டைப் பார்த்து, "எவன்டி இதத் துவைச்சான், நீலத்த அள்ளிக் கொட்டியிருக்கான்" என்றீர்கள். முன்னால் நின்ற பெரியவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். எனக்கு மானமே போயிற்று. சாமியிடம் என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டால், நல்ல வெயில் என்றீர்கள். புதுப்பெண்டாட்டிக்கு எப்படி இருக்கும்? எனக்காக ஒன்றும் கேட்கவில்லையா என்றேன். "உன்னத்தான் குடுத்துட்டாரே, இனி வெயில்தான் பாக்கி" என்றீர்கள். அதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது?

நிலையத்து வாசலில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். யாரோடும் பேசக்கூடாது. அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், துணி மாட்ட ஓர் ஆணி. பெரிய கூடத்தில் உட்காரவைத்து, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள் என்றார் ஆசிரியர். எனக்குப் பழக்கமான மூச்சு உங்கள் குறட்டைதான். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இருந்த அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிக் குறட்டை விட ஆரம்பித்தாள். நல்ல பருமன், தடித்த கண்ணாடி. பழக்கதோஷம், விலாவில் ஒரு இடி இடித்துவிட்டேன். அவள் போட்ட சத்தத்தில் பாதிக் கூடம் கண் திறந்தது.

அங்கே ஆளுக்கொரு வேலை உண்டு. எனக்கு வந்த வேலையைப் பாருங்கள், மொட்டைமாடியில் பெட்ஷீட் மடிப்பது. எதிரே அதே கண்ணாடி அம்மா. அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் கை நீளவே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாளில்கூட ஒரு பெட்ஷீட் நம் இரண்டு பேரையும் முகத்துக்கு முகம் கொண்டுவந்து நிறுத்திவிடும். அதெல்லாம் நினைவுக்கு வந்து நன்றாக அழுதேன். சத்தம் இல்லாமல் அழ அந்த இடம் வசதிதான்.

திரும்பி வந்தால், அவள் அசையவில்லை. முகத்தில் வெயில் அடிக்கிறது, முனையைப் பிடித்தபடி நிற்கிறாள். கூப்பிடவும் வழியில்லை, போகவும் மனசில்லை போலிருக்கிறது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு என் முனையை எடுத்தேன். மெஷின் சத்தத்தில் பேச்சுக் கேட்காது என்று நாம் வைத்திருந்தோமே, இரண்டு இழுப்பு இழுத்தால் மடித்துக்கொண்டு கிட்டே வா என்று. கை தானாக இரண்டு இழுப்பு இழுத்துவிட்டது. அவளுக்கு என்ன தெரியும்? நான் பிடுங்குகிறேன் என்று நினைத்துப் பலமாகத் திருப்பி இழுத்தாள். துணி என் கையைவிட்டு நழுவ, அவள் பின்னால் இருந்த குவியலில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணாடி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். மேற்பார்வை பார்க்கிற பெண் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடிவந்து, அவளும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனாள். நீங்கள் போனபின் நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல் முந்தானையால் மூடிக்கொண்டேன்.

அப்புறம் மடித்தோம். போகப்போக அவளுக்கும் பிடிபட்டது. அவளாகவே இரண்டு இழுப்பு இழுத்தபோது திக்கென்றது. நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் இல்லை, அவள்தான். ஆனாலும் காலை எடுத்து வைத்து அவளருகே போனேன்.

கடைசி நாள் பேசலாம் என்றார்கள். அவள் என்னிடம் ஓடிவந்து, "கூடத்துல இடிச்சீங்க, மாடியில இழுத்தீங்க, போன ஜென்மத்துப் பகையோன்னு நெனச்சேன்" என்றாள். உங்களைப் பற்றிச் சொன்னேன். "எங்க வீட்டுக்காரர் இருக்கார், நல்லாத்தான் இருக்கார். ஒரு நாள் ஒரு முனையப் பிடிச்சதில்ல" என்றாள்.

வந்து இறங்கியதும் மாப்பிள்ளையிடம், அந்த ஆளுக்கு இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றேன். சின்னவள் மறுபடி முறைத்தாள். இன்று காலை ஷட்டரைத் தூக்கினேன். தூசி தட்டி, ஒரு மெஷின் பெட்ஷீட் ஓட்டி, கொடியில் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாம் காய்ந்துவிட்டது. இஸ்திரி அக்கா வந்திருக்கிறாள். அன்றைக்கு நடந்ததை மனசில் வைத்தோ என்னவோ, படியேறாமல் தெருவிலேயே நிற்கிறாள்.

நீங்கள் எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரி ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் பிடிக்கிற அந்த முனையை எடுத்து அவள் கையில் கொடுக்கட்டுமா?