பிலோமினா அக்காவின் கடைசிச் சோடிப் பாட்டு

பெப். 12, வியாழன்

வாடைக் காற்று. கொடியில் காயப்போட்ட என் சாரம் பறந்து பக்கத்து வீட்டு வேலியில். அந்த வீட்டு மனுசி தடியால் தூக்கித் தந்தா, செத்த பாம்பைத் தருவதுபோல.

பிலோமினா அக்காவின் அல்பத்தில் எட்டுப் பாட்டு. எல்லாம் சோடிப் பாட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு ஆள். ஏழு முடிந்தது. அதில் ஒன்று என்னோடு. கல்யாண வீடுகளில் மைக் பிடித்து மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பவன் பாடவும் செய்வான் என்று அக்கா நம்பிவிட்டார். ஒலிப்பதிவு செய்யும் குகன் இன்று போனில்:

“அண்ணை, உங்கட சத்தத்தைக் கொஞ்சம் பின்னால தள்ளியிருக்கிறன்.”

“எவ்வளவு பின்னால?”

“கேக்காத அளவுக்கு.”

எட்டாவது ஹமீது நாநாவோடு. ஒரு காலத்தில் இந்தத் தீவில் அக்காவும் அவரும் பாடாத கல்யாண வீடு இல்லை. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது நாநா குடும்பமும் எருக்கலம்பிட்டியை விட்டுப் புத்தளம் போனது. அதோடு சோடி முறிந்தது. இரண்டு குரலும் இருந்த ஒரே கசெற்றின்மேல் அக்காவின் மருமகன் கிரிக்கெட் வர்ணனை பதிந்துவிட்டான். பாட்டின் முதல் வரி கேட்கும், உடனே யாரோ ‘அவுட்’ என்று கத்துவார்கள்.

இப்போது அவசரம். அக்காவின் கழுத்தில் கட்டி. அடுத்த வியாழன் யாழ்ப்பாணத்தில் ஒப்பரேசன். பழைய குரல் திரும்பும் என்று டொக்டர் சொல்லவில்லை. அதற்கு முதல் நாள் விபூதிப் புதன். நாற்பது நாள் தபசு காலம் தொடங்கினால் அக்கா யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் தவிர வேறொன்றும் பாடமாட்டார். நாநாவுக்கும் அதே கிழமை நோன்பு. எல்லாம் யோசித்து ஞாயிறு என்று நானே நாள் குறித்தேன்.

ஜசிந்தா (என் மனைவி, வேறு யார்): “நீங்கள் நாள் பாத்தா உருப்பட்ட மாதிரித்தான்.”

பெப். 13, வெள்ளி

மீன் சந்தை. பின்னால் இரண்டு பேர்.

“கடைசிப் பாட்டு ஏனாம் அந்தாளோட?”

“அது பழைய கதையடி.”

“சூசையண்ணை சும்மாவோ இருக்கிறார்?”

பாரையின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல நின்று முழுவதையும் கேட்டேன். கதை புதுசு, மீன் பழசு. வீட்டில் ஏச்சு.

பின்னேரம் அக்காவின் புருசன் சூசையண்ணனிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“பாடட்டும் மோனை. என்னோட சண்டை பிடிக்கிறதும் அந்தக் குரல்தானே. அதையும் ஒருக்காப் பதிஞ்சு தரச் சொல்லு.”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பெப். 14, சனி

காலையில் குகன்.

“அண்ணை, நாளைக்கு என்ன நாள்?”

“ஞாயிறு.”

“சிவராத்திரி. திருக்கேதீச்சரத்தில ஸ்பீக்கர் கட்டுறது ஆர்? நான்தான்.”

எங்கள் தபசைப் பார்த்தேன், நாநாவின் நோன்பைப் பார்த்தேன், குகனின் விரதத்தைப் பார்க்கவில்லை.

“சரி, திங்கள்?”

“விடிய விடிய முழிச்சிட்டுத் திங்கள் படுத்தனெண்டால் இடி விழுந்தாலும் எழும்பன்.”

“செவ்வாய்?”

“எங்கட வயலுக்கு நெல்லு வெட்டுற மிசின் வருது. அந்தச் சத்தத்தில பாட்டோ?”

கெஞ்சினேன். அவன் பிள்ளையின் கல்யாணத்துக்குச் சும்மா வந்து மைக் பிடிக்கிறேன் என்றேன். பிள்ளைக்கு நாலு வயது. செவ்வாய் என்று ஒப்புக்கொண்டான்.

அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன். ஏசுவார் என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். ஏசவில்லை.

“செவ்வாய் தவறினா எனக்கு வேற நாளில்லை, சந்தியோகு.”

பெப். 15, ஞாயிறு

பூசை. அக்கா பாடகர் குழுவில் வாய் திறக்கவில்லை, குரலைச் சேமிக்கிறாராம். அவர் பாடாததால் என் குரல் வெளியே கேட்டது. முன்வாங்கில் பலர் திரும்பிப் பார்த்தார்கள்.

நாநா போன்: செவ்வாய் காலை பஸ். “பின்னேரமே திரும்போணும் தம்பி. புதன் நோன்புப் பிறை பாக்கோணும்.”

பெப். 16, திங்கள்

குகன் நித்திரை.

அக்கா வீட்டில் பாட்டுப் பழக்கம், நாநாவின் வரிகளை நான் பாடி. பாட்டில் மாப்பிள்ளை, கடலில் பெரிய மீன் பிடித்து வருவேன் என்று கீழ்ச் சுருதியில் நின்று புளுகுவான். பொம்பிளை மேல் சுருதியில் ஏறி நின்று நக்கலடிப்பாள். அந்த மேலிடத்துக்கு அக்காவின் குரல் போகவில்லை. போய், உடைந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பவும். திரும்பவும் உடைந்தது.

“நாளைக்கு வரும்” என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மிச்சத் தேத்தண்ணியும் ஆறிவிட்டது.

பெப். 17, செவ்வாய்

நறுவிலிக்குளம். குகனின் ஸ்ரூடியோ என்பது வீட்டு நெல்லறை. சுவரெல்லாம் மூட்டை, எதிரொலி இல்லை, தும்மல் உண்டு.

நாநா கையில் தொதல் இனிப்புப் பெட்டியோடு வந்தார். அவ்வளவு வருசத்துக்குப் பிறகு முதல் வார்த்தை:

“கிழவியாகிட்டாய், பிலோமினா.”

“பல்லைப் புத்தளத்திலேயே விட்டிட்டு வந்திட்டியே?”

சூசையண்ணன் தொதலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே வெட்டு மிசின். சாப்பாட்டுக்கு நிற்பாட்டும்வரை காத்திருந்தோம். நிற்பாட்டியதும் தொடங்கினார்கள். மேல் வரியில் குரல் உடைந்தது. குகன், “அன்ரி, தனித்தனியாப் பதிவம். மிச்சத்தைக் கம்பியூட்டர் தூக்கிவிடும்” என்றான்.

அக்கா: “அது கம்பியூட்டரின்ர பாட்டு. கல்யாண வீட்டில எங்களை ஆர் தூக்கிவிட்டது?”

ஒரே மைக், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில். திரும்பவும் முதலிலிருந்து. மேல் வரி வர முன்னமே அக்காவின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் கண்ணை மூடிவிட்டேன். கேட்டது நாநாவின் குரல்! பொம்பிளையின் வரியை மெல்லிய குரலில் மேலே ஏறிப் பிடித்துக்கொண்டார், நாணிக் கோணி. அக்கா ஒரு தாளம் பிந்தவில்லை. மாப்பிள்ளையின் வரியைக் கீழே நின்று எடுத்தார். அங்கே குரல் இருந்தது, கருங்கல்லாக. பெரிய மீன் பிடிப்பேன் என்று பிலோமினா அக்கா புளுக, பல்லில்லாத பொம்பிளை நக்கலடித்தாள்.

சூசையண்ணன் அடக்கமாட்டாமல் சிரித்ததும் பதிவாகிவிட்டது.

“இன்னொருக்கா எடுப்பம், சிரிப்பு விழுந்திட்டுது” என்றான் குகன்.

“இருக்கட்டும்” என்றார் அக்கா. “கல்யாண வீட்டில சனம் சிரிக்காதோ?”

வெட்டு மிசின் தொடங்கியது. நாநா பஸ்ஸுக்கு ஓடினார்.

பெப். 18, விபூதிப் புதன்

விடியப் பூசை. நெற்றியில் விபூதியோடு அக்காவும் சூசையண்ணனும் யாழ்ப்பாண பஸ்ஸில். நான் பகிடி ஒன்று யோசித்து வைத்திருந்தேன். சொல்லவில்லை.

பெப். 20, வெள்ளி

தபசு வெள்ளி, மீன் இறைச்சி இல்லாத சாப்பாடு. சூசையண்ணன் போன். ஒப்பரேசன் நேற்று நடந்து முடிந்ததாம். அக்கா கதைக்கக் கூடாதாம். குரலைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லேலாது என்கிறார் டொக்டர்.

“குகன் அனுப்பின பாட்டைப் போனில போட்டு அவளின்ர காதில வைச்சனான். சத்தமில்லை, வாய் மட்டும் அசையுது. மாப்பிள்ளையின்ர வரிக்கு மட்டும்.” குரலைத் தாழ்த்தினார். “தபசு காலத்தில கேக்கலாமோ மோனை? ஃபாதரை ஒருக்காக் கேட்டுச் சொல்லு.”

“கேட்டிட்டன் அண்ணை. கேக்கலாமாம். திரும்பப் போடுங்கோ.”

ஃபாதரை இனித்தான் கேட்க வேண்டும்.