விசிறிக்கு வல்லின றகரம்

வைஜெயந்தி,

இட்லி மூடி வைத்திருக்கிறேன், ஆறுமுன் சாப்பிடு. சாவி ஆணியில் மாட்டியிருக்கிறது.

நம் பழைய மீன் லாரியில் இன்ஜினைக் குளிர்விக்கப் பெல்ட்டில் சுழன்ற விசிறியைக் கழற்றிவிட்டு நீ மின்விசிறிகள் பொருத்தியபோது, "இன்ஜின் கொதிச்சி நடுரோட்ல நிக்கப் போவுதுடி" என்றார் உன் அப்பா. நானும் அவர் பக்கம் நின்று உன்னைக் கடிந்துகொண்டேன். நேற்று கிருமாம்பாக்கம் நெரிசலில் அரை மணி நேரம் நின்றும் வெப்பமானி முள் பாதியைத் தாண்டவில்லையாம். "இன்னாமா வேல செஞ்சிருக்கா!" என்று மூன்று முறை சொல்லிவிட்டார். நான் கடிந்தது தவறு. இன்று நானும் அந்த லாரியிலேயே கடலூர் போகிறேன்.

அம்மா

பின்குறிப்பு: லாரியில் அதன் சுவிட்சுக்கு மேல் 'விசிரி' என்று எழுதியிருந்தாய். வல்லின றகரம் இட்டுத் திருத்தினேன். பக்கத்தில் 'பொருத்தியவர் வைஜெயந்தி' என்றும் எழுதியிருக்கிறேன். அதை அழிக்காதே.