எதிரே உட்கார ஓர் ஆள்

9 ஜூன் 1936, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்து இரண்டாம் நாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தால், கட்டிலில் உட்கார்ந்து என் வீட்டுக்காரர் தனியாகச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். சிவப்புக்கும் அவரே, கறுப்புக்கும் அவரே.

இந்த ஞாயிறும் பரந்தாமன் அண்ணன் வரவில்லையே, ஏன் என்று கேட்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸில் இவரோடு பத்து வருஷம் வேலை பார்த்தவர். ஞாயிறு தவறாமல் ஆட வருவார்.

"இனிமே வர மாட்டான். ஊட்ல கொயந்த கீது இல்ல? க்ஷயம்னா பயப்படத்தானே செய்வான்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் பொறுக்கவில்லை. எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

12 ஜூன்

குதிரை எப்படிப் போகும் என்று மூன்று தடவை சொன்னார். அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என் மண்டையில் ஏறுவதற்கு அவர் மூச்சு செலவாகிறது.

20 ஜூன்

நான்கு ஆட்டம். நான்கிலும் தோற்றேன்.

28 ஜூன், ஞாயிறு

ஆடி முடித்ததும் காய்களைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் பினாயில் தண்ணீரில் கழுவுவேன். அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். இன்று ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

7 ஜூலை

இந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. இங்கேயாவது எழுதிவைக்கிறேன். பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள்தானே நான், புத்தி இல்லாமலா? எதிரே உட்கார்ந்தால் பலகை தெரிவதில்லை. அவர் மார்பு ஏறி இறங்குவதுதான் தெரிகிறது.

"இன்னா பாத்துகினு கீறே? உன் மந்திரி போவப்போவுது."

"பார்த்தேன்."

"பாக்கல. அடுத்த ரெண்டு நவுத்தல யோசிச்சு வை, ஞானம்."

அடுத்த ரெண்டு — அடுத்த வாரத்தையே யோசிக்காமல் அல்லவா நான் நாளைத் தள்ளுகிறேன்.

19 ஜூலை

பலகையைத் தட்டிவிட்டார். "உன்கூட ஆடறதும் செவுத்துகூட ஆடறதும் ஒண்ணு."

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "செவுரு மருந்து குடுக்காது. செவுரு உங்க துணிய தொவைக்காது. எனக்கு வரல, அவ்ளோதான். வுட்டுடுங்க."

இருமல் பிடித்துக்கொண்டது. துணியில் ரத்தம். ஏன் சொன்னேன் — பாவி, ஏன் சொன்னேன்.

21 ஜூலை

"உன்ன இம்சை பண்றேன். வாணாம் வுடு," என்றார். இன்று நானே பலகையை விரித்தேன்.

2 ஆகஸ்ட், ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து, நூம்பல் வரைக்கும் நடந்து பரந்தாமன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். உள்ளே வரவேண்டாம், ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போடுகிறேன், வாயால் சொன்னால் போதும், உங்கள் காய்களை நான் நகர்த்துகிறேன் என்றேன். அவர் மனைவி குழந்தையோடு கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"எனுக்கும் அவனைப் பாக்கணும்னுதான் கீது தங்கச்சி. வாக்கு குடுத்துட்டேன் இவளுக்கு," என்று சொல்லி அழுதார்.

போய் வந்ததை வீட்டில் சொல்லவில்லை.

15 ஆகஸ்ட், மாதா திருநாள்

காலையிலேயே ஆடலாம் என்றார். நான் வழக்கம்போல ஏதோ ஒரு குதிரையை நகர்த்தினேன். பிறகுதான் பார்த்தேன், அவருடைய ராஜாவுக்குப் போக்கிடமே இல்லை. இரண்டு மாதத்தில் முதல் தடவை. விட்டுக்கொடுக்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கணக்குப் புரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மந்திரி எங்க?"

அதை வெட்டி நேரமாகிவிட்டது. அவர் கண்ணெதிரேதான் வெட்டினேன்.

கஞ்சி ஆறுகிறது என்று சொல்லிக் காய்களைக் கலைத்தேன். அவர் தடுக்கவில்லை.

18 ஆகஸ்ட்

பலகையைக் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

20 செப்டம்பர், ஞாயிறு

வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. சாயங்காலம் பரந்தாமன் அண்ணன் வந்தார். கட்டில் இருந்த இடத்தில் நாற்காலி போட்டேன்.

"கடசீல யார்கூட ஆடினான்?"

"என்கூடத்தான்."

"யார் ஜெயிச்சது?"

"அவர்தான்," என்றேன்.