ஊர் சுற்றி வந்த உன் செய்தி

காலையில் இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது செல் சிணுங்கியது. உன் மகள் தர்ஷினி ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பியிருந்தாள். மேலே ‘பலமுறை பகிரப்பட்டது’ என்று இருந்தது. வரிசையாகக் கும்பிடு பொம்மைகள், கடைசியில் ‘இப்படிக்கு, ஒரு தாய்’. கை ஈரத்தைத் துடைக்காமலே உட்கார்ந்துவிட்டேன். அது உன் செய்தியடி. நீ போய்ச் சேர்ந்து இத்தனை வருடம் கழித்தும் ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நமக்குப் பழக்கம் ஆஸ்பத்திரி வராந்தாவில். உன் மகளுக்கும் என் மகனுக்கும் ஒரே பிறவிக் குறை. உடம்பே சுரக்க வேண்டிய ஒன்றை அவர்கள் உடம்பு சுரக்காது. அதற்குப் பதிலாகத் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை. காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை மயங்கி விழும், உயிரே போகும். அந்த நோயின் பெயர் நம் வாயில் நுழையவில்லை. ‘நம்ம வியாதி’ என்போம். வில்லாபுரத்தில் நானும் கீழக்குயில்குடியில் நீயும் செல்லில் தேடித் தேடிப் படித்தோம். பாதி இங்கிலீஷ், மீதி பயமுறுத்தல்.

“இதப் படிச்சா நம்மளுக்கே காச்ச வந்துரும்டி. டாக்டர் சொன்ன ஒத்த ரூலப் புடிச்சுக்குவோம்” என்பாய்.

கொரோனா இரண்டாவது அலை அடித்தபோது உன்னை வார்டில் சேர்த்தார்கள். வீட்டில் தர்ஷினிக்குக் காய்ச்சல். அந்த நேரம் பார்த்து, ஸ்டீராய்டு சாப்பிட்டால் கரும்பூஞ்சை வந்து கண் போய்விடும் என்று ஒரு வீடியோ உன் மாமனார் செல்லுக்கு வந்தது. அவர் மாத்திரை டப்பாவை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். உன் வீட்டுக்காரர் அப்பா பேச்சைத் தட்டாதவர். நீ போன் போட்டு அழுதாய். டாக்டரையே பேசவைத்தாய். “டாக்டருக பொழப்புக்கு ஆயிரம் சொல்லுவாக” என்று உன் மாமனார் போனை வைத்துவிட்டார். நான் கிளம்பிப் போகலாம் என்றால் என் வீட்டிலும் தொற்று, எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். பிள்ளை அங்கே துவண்டுகொண்டிருந்தது.

அப்போதுதான் மூச்சு வாங்க வாங்க அந்தக் கூத்தைச் சொன்னாய்.

“நான் சொன்னா கேக்க மாட்டாரு. டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டாரு. செல்லுல வந்தா கேப்பாருல்ல? நான் சொல்றத நீ டைப் பண்ணு. என் பேரு வேணாம், ஒரு தாய்னு போடு.”

“அம்புட்டுத்தானா?”

“கும்பிடு பொம்மை போடுடி. ரெண்டு மூணு போடு, அப்பத்தான் நம்புவாக.”

டாக்டர் சீட்டைப் பார்த்து நோயின் பெயரை எழுதினேன். இந்த நோய் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் என்றும் எழுதினேன். தெரிந்த குரூப்புக்கெல்லாம் அனுப்பினோம். பொழுது சாய்வதற்குள் அது வண்டியூரில் இருக்கும் உன் நாத்தனாரின் மாமனார் கைக்குப் போய், அவரிடமிருந்து உன் வீட்டுக்கே வந்துவிட்டது. சம்பந்தி அனுப்பினால் வேதவாக்கு. உன் மாமனாரே பரணில் கைவிட்டு டப்பாவை எடுத்து, மாத்திரையைப் பொடித்துப் புகட்டினார். புகட்டிய கையோடு உனக்கே போன் போட்டார்.

“இந்தாம்மா, செல்லுல போட்டுருக்கான். காச்ச வந்தா கூட்டிக் குடுக்கணுமாம். பெத்தவ நீ இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிற வேணாமா?”

“சரிங்க மாமா” என்றாயாம். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தாய். சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவே இல்லை. “நான்தான்னு அவருக்குத் தெரியவே கூடாதுடி. தெரிஞ்சா திருப்பிப் பரணுல போட்டுருவாரு. சத்தியம் பண்ணு” என்றாய். பண்ணினேன். அதற்குப் பிறகு உன் குரலை நான் கேட்கவில்லை. உன்னைப் பொதிந்து கொண்டுபோனதை உன் மகள்கூடப் பார்க்கவில்லை.

தர்ஷினி பிழைத்தாள். “என் பேத்திய நான்தான் காப்பாத்துனேன்” என்று உன் மாமனார் இன்னமும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

இன்று வந்த செய்தியில் நோயின் பெயர் இல்லை. ‘மட்டும்’ என்பதும் இல்லை. கை மாறிக் கை மாறி யாரோ வெட்டிவிட்டார்கள். எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் ஸ்டீராய்டைக் கூட்டிக் கொடுங்கள் என்று நிற்கிறது, நான் போட்ட கும்பிடு பொம்மைகளோடு. இதை நம்பி எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்கு என்ன ஆனதோ, எனக்குத் தெரியாது. உன்மேல் கோபம் வருகிறது, உடனே என்மேல் வருகிறது. வேறு என்னதான் செய்திருப்போம் என்று அழுகையும் வருகிறது.

அதற்குக் கீழே உன் மகள் எழுதியிருந்தாள்: “சின்னம்மா, இப்பிடி எழுதி விடுறவளுகளாலதான் புள்ளைக சாகுது. இவளெல்லாம் ஒரு தாயா?”

நாளைக்குக் கீழக்குயில்குடி போகிறேன். நீ சொல்லச் சொல்ல நான் எழுதியது, ஒரு சொல் மாறாமல் என்னிடம் இருக்கிறது. புதுச் செல் வாங்கும்போதெல்லாம் அதை முதலில் ஏற்றிக்கொள்வேன். உன் மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் சரி, அவளிடம் காட்டப்போகிறேன். இப்போது மாத்திரையைப் பரணில் போட அவரால் முடியாது, அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிற வயது வந்துவிட்டது. சத்தியத்தை மீறுகிறேன், கோபித்துக்கொள். அந்த ‘ஒரு தாய்’ இருக்கும் இடத்தில் உன் பெயரை எழுதித்தான் அவள் கையில் கொடுப்பேன்.