தலைகீழாய் நின்ற தமிழ்ப் புத்தகங்கள்

மைசூர்
9-8-1995

அன்புள்ள மகேஸ்வரிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மருந்தை நிறுத்திவிடாதே.

ஒரு வேடிக்கை கேள். ஆலையில் கிடங்கு வேலை முடிந்ததும் ஹெப்பாள் கிளை நூலகத்துக்குப் போவேன் அல்லவா? அங்கே தமிழ்ப் புத்தகங்கள் மட்டும் தலைகீழாக நிற்கும். சொல்லத் துணிவில்லாமல், மாலைதோறும் நானே நிமிர்த்தி வைப்பேன். மறுநாள் மறுபடி தலைகீழ்! நேற்று நூலகர் சிவண்ணா பார்த்துவிட்டார். இனி உள்ளே விடமாட்டார் என்று நடுங்கிவிட்டேன்.

"நீங்கதானா சார் அது? தினமும் காலையில நான் நேரா வெக்கறேன், நீங்க திருப்பிடறீங்களா?" என்றார்.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எண் சீட்டைப் பார்த்து அடுக்குகிறார். சீட்டுகளையோ யாரோ தலைகீழாக ஒட்டியிருக்கிறார்கள். நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இருபதாம் தேதி ஞாயித்துக்கிழமை வாங்க சார், புதுச் சீட்டு ஒட்டலாம். சாப்பாடு நம்ம மனையிலதான்!"

சீட்டு எழுத என் பழைய கண்ணாடி வேண்டும். உன் நார்த்தங்காய் ஊறுகாயும் ஒரு பாட்டில் சேர்த்து, மைசூர் பஸ்ஸில் கொடுத்தனுப்பு. வெறுங்கையோடு போகலாமா? இங்கு வந்த எட்டு மாதத்தில் ஒருவர் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவது இதுதான் முதல்முறை.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

உன்
லிங்கப்பன்