மாடி வீடும் ஒளிஞ்ச அம்மாவும்

என் அருமை அப்பாவுக்கு,

என்னைத் திட்டுறதுக்கு ஆளில்லாம நாளெல்லாம் சப்புன்னு போகுதுப்பா. அதான் நானா உங்ககிட்ட வந்து நிக்கிறேன். இதைக் கேட்டா நீங்க கட்டாயம் திட்டுவீங்க.

நாங்க வீடு பாத்துட்டோம். தேயிலைத் தோட்டத்து லயத்துல ஒத்தை ரூம்புக் காம்பரா இல்ல, மாடி வீடு. ஹட்டன் டவுன்ல, ஸ்டேசனுக்கு ஏறுற ரோட்டுல, ஒரு துணிக்கடைக்கு மேல. "ஒனக்கு என்னாடி கொழுப்பு, தொரை மாதிரி மாடியில போய் ஏறுற?"ன்னு நீங்க கேக்குறது எனக்குக் கேக்குது. இருங்க, முழுக்கச் சொல்லிடுறேன்.

உங்க காரியம் முடிஞ்ச மறு வாரமே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வந்தாரு. பாவம், அவரும் நிமிர்ந்து அம்மா முகத்தைப் பாக்கல. "தோட்டத்து வேலையாளுக செக்ரோல்ல பேர் இருந்த ஆளு போயிட்டாரு. புதுசா கல்யாணம் கட்டின சோடி ஒண்ணு காம்பரா இல்லாம நிக்குது. தீபாவளிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்கம்மா"ன்னு சொன்னாரு. முழங்கால் முடியாமப் போனப்பவே அம்மா பேரை வெட்டிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தக் காம்பரா உங்க ஒருத்தர் பேர்லதான நின்னுச்சு?

அது தெரிஞ்சுதான் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுப் பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போனீங்களா? விடியக்காலைப் பனியில, கம்பளியைச் சுத்திக்கிட்டு, "ஒண்ணுமில்ல, வாயுக்குத்து"ன்னு அம்மாகிட்ட பொய் சொல்லிட்டு? எனக்கு உங்க மேல அழுகையை விடக் கோவந்தாம்பா ஜாஸ்தி. ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருந்தா இந்த வீட்டை அப்பவே தேடியிருப்பேனே.

உங்க மருமகனுக்கு பேக்கரிக்குப் பின்னால ஒரு மூலை குடுத்திருக்காங்கல்ல, அதுல நாங்க ரெண்டு பேரும் காலை மடக்கித்தான் படுக்கணும். அம்மாவை அங்க எப்படிக் கூட்டியாறது? அதனால நான் தையல் கடை வேலை முடிஞ்சதும், அவரு அடுப்பை அணைச்சதும், தெருத்தெருவா வீடு பாக்கக் கெளம்பிருவோம்.

மொதல்ல பாத்த வீட்டுல சுவரைத் தொட்டா கையில தண்ணி ஒட்டுச்சு. இன்னொண்ணு நல்ல வீடுதான். ஆனா வீட்டுக்காரம்மா என் சேலைக்கட்டைப் பாத்துட்டு, "தோட்டத்து ஆளுகளுக்குக் குடுக்கிறதில்ல"ன்னு கதவைச் சாத்திருச்சு. வர்ற வழியெல்லாம் நான் கத்தின கத்தல்ல உங்க மருமகன் பத்தடி தள்ளியே நடந்தாரு.

அப்புறந்தான் இந்த மாடி. கடைக்காரர் முஸ்லிம், அவங்க அண்ணனை நானாம்பாங்க, ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். கடையில ஆள் நெறைஞ்சிருந்ததால சாவியை எங்கிட்ட குடுத்து, "போய்ப் பாத்துட்டு இரிங்க, கொஞ்ச நேரம் செண்டு வாறன்"னு சொன்னாரு. அம்மா அப்ப எங்க கூட இல்ல. தோட்டத்துலேருந்து பஸ்ல வந்து எறங்கி, பின்னாலதான் மாடிக்கு வந்துச்சு.

பலகைப் படி. ரெண்டு ரூம்பு, தனியா குசினி. குசினிக்குள்ளயே பைப்புப்பா! அம்மா அதைத் தொறக்கும், மூடும், மறுபடி தொறக்கும். இத்தனை வருசம் பீலித் தண்ணிக்கு வரிசையில நின்ன கையில்லையா? அடுப்புல ரெண்டு குச்சியைப் பத்தவச்சு, புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துச்சு. அது மேல போனதும் ஒரு தலையாட்டு. அப்புறம் சுவருல காதை வச்சுக் கேட்டுட்டு, "பக்கத்து வீட்டுல ஒரு இருமல் சத்தங்கூட கேக்கலயேடி, இங்க எப்படி மனுசன் இருக்கிறது?"ன்னு கேட்டுச்சு. நான் சிரிச்சேன். ஆனா அம்மாவுக்கு வீடு புடிச்சுப்போச்சுன்னு அந்தக் கேள்வியிலயே தெரிஞ்சுபோச்சு.

அந்த நேரம் பார்த்து நானா படியேறி வர்ற சத்தம். நாங்க ரெண்டு பேரும் முன் ரூம்புல நின்னோம். எவ்வளவு வாடகை சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு உங்க மருமகன் காலையிலேருந்து மனப்பாடம் பண்ணி வச்சிருந்தாரு. நானா உள்ள வந்து மொதல்ல வாடகையைப் பேசல. "எத்தின பேர் இரிக்கப் போறீங்க?"ன்னு கேட்டாரு.

"ரெண்டு பேருங்க. நான் பேக்கரியில, இவ தையல் கடையில, ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம்"னாரு உங்க மருமகன். தோட்டத்துல பொறந்த வாயில வேற என்ன வரும்? அங்க வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டா வேலைக்கு எத்தனை பேருன்னுதான அர்த்தம்?

"நான் வேலையக் கேக்கல்ல தம்பி, ஆளக் கேட்டன்"னு நானா சொல்லி வாய் மூடல, குசினிக்குள்ள ஒரு இருமல்.

நானா போய்ப் பாத்தா, அம்மா கதவுக்குப் பின்னால, விறகு வைக்கிற மூலையில, முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கிட்டுக் குந்தியிருக்கு. முடியாத முழங்காலை மடக்கிக்கிட்டு எப்படித்தான் அதுக்குள்ள பூந்துச்சோ!

அப்பா, அது உங்க வளர்ப்பு. வேலையை விட்டு நிறுத்திப் பத்துச்சீட்டுக் குடுத்து வெரட்டின சித்தப்பாவை நம்ம காம்பராவுல வச்சிருந்தீங்களே, ஞாபகம் இருக்கா? வாசல் இஸ்தோப்புல தொரையோட பூட்ஸ் சத்தம் கேட்டா போதும், பேர் இல்லாத ஆளு விறகுக்குப் பின்னால போயிரணும். அன்னைக்கு சித்தப்பா. இப்ப நீங்க இல்ல, அம்மாவுக்குப் பேர் இல்ல. யாரும் சொல்லாமலே அது போய் ஒளிஞ்சுக்கிச்சு.

நானாவுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? அவருக்குக் கோவம் வந்துருச்சு. "போன ஆக்களும் இப்பிடித்தான், நாலு பேரெண்டு செல்லி ஒரு ஊரையே கொண்டு வந்தாங்க. இன்னும் எத்தின பேர ஒளிச்சு வச்சிருக்கீங்க? சாவியத் தாங்க"ன்னு கையை நீட்டினாரு. உங்க மருமகன் மனப்பாடம் பண்ணினது அத்தனையும் ஆவியாப் போச்சு. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள அம்மா கதவைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சுச்சு.

"அவங்க மேல குத்தமில்லீங்க. எங்க வீட்டுக்காரரு செத்துட்டாரு. வேலைக்குப் போகாத ஆளு வீட்டுல இருந்தா வீட்டையே புடுங்கிருவாங்கன்னு நானாத்தான் ஒளிஞ்சேன். புள்ளைங்களுக்கு வீட்டைக் குடுத்துருங்க. நான் எங்கயாச்சும் போயிக்கிறேன்"னுச்சு.

நானா நீட்டின கையை மடக்கிட்டாரு. ஜன்னல் பக்கம் போய் நின்னாரு. "உம்மா, நீங்க இரிங்க இதில"ன்னு, அவரு அம்மாவைக் கூப்பிடுற மாதிரியே கூப்பிட்டு, மூலையில கெடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டாரு. நல்ல மனுசன்பா. அம்மா உக்காரல, அது வேற விசயம்.

அப்புறம் எங்கிட்ட திரும்பி, "நீங்க தைக்கிற ஆள்தானே? எண்ட கடைக்கே தைங்களே. வாடக வாணாம், முற்பணமும் வாணாம்"னாரு. உங்க மருமகன் முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்! அம்மாவும் என்னைப் பாத்துத் தலையை ஆட்டுச்சு, சரின்னு சொல்லுடின்னு. சும்மா கெடைக்கிற வீடு. யாரு வேணாம்பாங்க?

நான் வேணாம்னுட்டேன்.

"நானா, நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க. ஆனா வேலைக்காக வீடு வேணாம். வேலையும் வீடும் ஒண்ணா இருந்தா, கை ஓஞ்சுபோற அன்னைக்கு வீடும் போயிரும். எங்கப்பா அதுக்குப் பயந்தேதான் செத்தாரு. வாடகைக்குக் குடுங்க, மாசம் பொறந்தா கொண்டாந்து குடுக்கிறோம். முற்பணத்துல பாதி இப்ப, மீதி பொங்கலுக்கு. நாங்க மூணு பேரு. அதுல ஒருத்தர் எங்கம்மா, வேலைக்குப் போகமாட்டாங்க"ன்னேன்.

"ஆள ஒளிச்சு வச்சதுமில்லாம பேரம் வேறயா?"ன்னு நானா சிரிச்சாரு. நான் திருப்பி நீட்டின சாவியை வாங்காமலே கீழ எறங்கிப் போனாரு. அவ்வளவுதாம்பா, வீடு கெடைச்சிருச்சு.

குடிவந்து மூணு வாரமாச்சு. உங்க மருமகனோட பிரஜாவுரிமை மனுவுக்குத்தான் இன்னும் பதிலைக் காணோம். கவர்மெண்டு கச்சேரிக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ஞ்சதுதான் மிச்சம். நாடு எங்களை எப்ப எண்ணுமோ தெரியாது. வீட்டுலயாவது எல்லாரையும் எண்ணிட்டோம்.

ஆனா அம்மா மட்டும் லேசுல மாறல. படியில சத்தம் கேட்டா குசினிக்குள்ள போயிரும். பால்காரன் வந்தாலும் போயிரும். நானும் சொல்லிப் பாத்தேன், கோவிச்சுப் பாத்தேன், அழுதும் பாத்தேன்.

நேத்து தையல் கடை லீவு. மத்தியானம் அம்மா முன் ரூம்புல உக்காந்து லீக்ஸ் அரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. படியில காலடிச் சத்தம். கத்தி நின்னுச்சு. அம்மா குசினிக் கதவைப் பாத்துச்சு, அப்புறம் என்னைப் பாத்துச்சு. நான் என் பழைய தையல் மிஷினை மிதிக்கிறதை நிறுத்தினேன். சத்தம் வாசல் வரைக்கும் வந்துருச்சு.

"யாரது?"ன்னு கேட்டுச்சுப்பா, அம்மா. உக்காந்த எடத்துலேருந்தே, நல்லா சத்தமா.

"நாந்தான் உம்மா, கூர ஒழுகுதாம், பாக்க வந்தன். வரலாமா?"ன்னு வெளிய நின்னே கேட்டாரு நானா.

நம்ம காம்பராவுக்கு எத்தனை பேரு வந்திருப்பாங்க! கங்காணி, கணக்கப்பிள்ளை, தொரை. ஒருத்தராவது வரலாமான்னு கேட்டிருக்காங்களா? அம்மா கத்தியைக் கீழ வச்சுச்சு. "வாங்க, வாங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க"ன்னுச்சு. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு.

அப்பா, உங்களுக்கு ஒரு வாக்குக் குடுக்கிறேன். நான் இருக்கிற வரைக்கும் நம்ம வீட்டுல ஒருத்தரும் விறகுக்குப் பின்னால போகமாட்டாங்க. சித்தப்பாவுக்கும் ஆள் அனுப்பியிருக்கேன், நானாகிட்ட சொல்லிட்டுத்தான்.

உங்க கம்பளி ஜன்னலோரக் கட்டில்ல விரிச்சிருக்கு. நீங்களும் ஒருநாள் வாங்கப்பா. பெரட்டுச் சங்குக்குப் பயப்படாம மெதுவா படியேறி வாங்க. அம்மா "யாரது?"ன்னு கேக்கும். கோவிச்சுக்காம உங்க பேரைச் சொல்லிட்டு உள்ள வாங்க.

இப்படிக்கு,
நீங்க திட்டித் திட்டி வளத்த வாயாடி மக,
பொன்னம்மா